வடதுருவ ஒளி: பயப்படவும் வேண்டாம், கடன்படவும் வேண்டாம்

2024 மே 10ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு பிரான்சின் வானம் சிவந்தது. வடக்குக் கரையோரங்களில் மட்டுமல்ல, தெற்கு மாகாணங்கள் வரை அந்த ஒளி தெரிந்தது. தலைநகரின் தெருவிளக்குகளுக்கு அப்பால், இருண்ட வயல்வெளிகளில் நின்றவர்கள் வடக்கு வானில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகத் திரைபோல் ஒன்று அசைவதைக் கண்டார்கள். லாச்சப்பலில் வாழும் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. எங்கள் தெருவில் இரவு என்பது மஞ்சள் வெளிச்சம் மட்டும்தான்.

ஆனால் மறுநாள் சனிக்கிழமை, கார் து நோர்ட் புகையிரத நிலையத்துக்குப் பின்னாலுள்ள எமது கடைத்தெரு முழுவதும் அதே பேச்சு. மரக்கறிக் கடை வாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஒருவர் கைத்தொலைபேசியை மற்றவர் வாங்கிப் படம் பார்த்தார். கணக்கு எழுதிப் பிழைக்கும் எம்மிடமும், ஏதோ படித்தவர்கள் என்ற எண்ணத்தில், கேள்விகள் வந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வகை. இது ஏதும் கெட்ட சகுனமா? இது எப்படி உண்டாகிறது? இதனால் உடம்புக்கோ ஊருக்கோ தீங்கு உண்டா? இதைப் பார்க்க எங்கே போகலாம், எவ்வளவு முடியும்?

நாம் வர்த்தகம் படித்தவர்கள், பௌதிகம் படித்தவர்கள் அல்ல. என்றாலும் வரவும் செலவும் சரியாக வராவிட்டால் எமக்கு நித்திரை வராது. வானத்தில் அவ்வளவு வெளிச்சம் செலவானால் அது எங்கிருந்தோ வரவாகியிருக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தேடிப் படித்தோம். விளங்கியதை வாசகர்களுடன் பகிர்கிறோம்.

சிவந்த வானமும் பழைய பயமும்

முதற் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. போருக்குள் இருந்து வந்த ஒருவருக்கு இரவு வானத்தில் திடீரென்று தோன்றும் வெளிச்சம் அழகாகத் தெரிவதில்லை. பரா வெளிச்சம் என்றால் என்னவென்று எமது வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. வானில் ஒரு விளக்கு மெதுவாக இறங்கும். முற்றம் பகல்போல் ஆகும். அடுத்தது பதுங்குகுழிக்கு ஓட்டம். அந்த ஓட்டத்தை உடம்பு மறப்பதில்லை.

இந்தப் பயம் எமக்கு மட்டும் உரியதும் அல்ல. கி.பி. 37 அளவில், உரோமைப் பேரரசன் திபேரியுஸ் காலத்தில், வானம் சிவந்ததைக் கண்ட படைவீரர்கள் ஒஸ்தியா துறைமுகம் எரிகிறது என்று நினைத்து அணைக்க ஓடினார்கள். தத்துவஞானி செனெக்கா இதை எழுதிவைத்திருக்கிறார். 1938 ஜனவரி 25ஆம் திகதி இரவு ஐரோப்பா முழுவதும், தெற்கே சிசிலி, போர்த்துக்கல் வரை, வானம் இரத்தச் சிவப்பானது. இங்கிலாந்தில் வின்ட்சர் மாளிகை தீப்பற்றி எரிகிறது என்று தீயணைப்புப் படையை அழைத்தார்கள். ஸ்பெயினில் அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டே உலகப் போர் தொடங்கியதால், அந்தச் சிவப்பு போருக்கு முன்னறிவிப்பு என்று நம்பியவர்கள் பலர்.

ஆனால் கணக்கை ஒரு பக்கம் மட்டும் பார்க்கக்கூடாது. போர் வராத ஆண்டுகளிலும் வானம் சிவந்திருக்கிறது. வானம் சிவக்காத ஆண்டுகளிலும் போர் வந்திருக்கிறது. எமது ஊரில் 1983க்கும் 2009க்கும் எந்தத் துருவ ஒளியும் முன்னறிவிப்புத் தரவில்லை. மனிதர் செய்த அழிவுக்கு வானத்தைப் பொறுப்பாக்குவது, செய்தவர்களைக் கணக்கிலிருந்து தப்பவிடுவதாகவே முடியும்.

பாரிசில் இந்த ஒளி பற்றிய ஆராய்ச்சி மிகப் பழையது. 1726 ஒக்ரோபர் 19ஆம் திகதி பிரான்சின் வானில் பெரிய துருவ ஒளி தோன்றியது. அதைத் தொடர்ந்து பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த த மேரான் என்பவர் இதை ஆராய்ந்து 1733 இல் ஒரு முழு நூலை வெளியிட்டார். இந்த ஒளிக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டு என்பது அவருடைய முடிவு. தொடர்பு எப்படி என்பதில் அவர் சொன்னது பின்னால் நிலைக்கவில்லை. ஆனால் சகுனம் பார்க்காமல் சூரியனைப் பார்த்தது சரியான திசை.

சைக்கிள் டைனமோ

எமது பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தப் பெரிய கருவிகள் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளின் முற்பகுதியை நினைத்துக்கொண்டால் போதும். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம். டைனமோவுக்குள் இருப்பது ஒரு காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும்தான். ஒன்று மற்றொன்றுக்குக் கிட்ட அசைந்தால் கம்பியில் மின்சாரம் ஓடும். பெடலைச் சுற்றுவதை நிறுத்தினால் வானொலியும் நின்றுவிடும்.

துருவ ஒளியும் ஒரு டைனமோ விளக்குத்தான். இங்கே காந்தம் என்பது பூமி. பெடலைச் சுற்றுவது சூரியன்.

சூரியனிலிருந்து எமக்கு வருவது வெளிச்சமும் வெப்பமும் மட்டுமல்ல. அதன் வெளி மண்டலத்திலிருந்து இலத்திரன்களும் புரோத்தன்களும் இடைவிடாமல் வெளியே வீசிக்கொண்டிருக்கின்றன. இதைச் சூரியக் காற்று என்கிறார்கள். சாதாரணமாகச் செக்கனுக்கு 400 கி.மீ. அளவு வேகம். சூரிய வெளிச்சம் எட்டரை நிமிடத்துக்குள் பூமிக்கு வந்துவிடும். இந்தக் காற்றுக்கு நாலு நாள் எடுக்கும்.

பூமியின் காந்தப்புலம் இந்தக் காற்றை நேராக உள்ளே விடுவதில்லை. ஓடும் ஆற்றில் நட்ட கல்லைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து போவதுபோல, காற்று காந்தப்புலத்தைச் சுற்றிப் போகிறது. போகும்போது அந்தப் புலத்தைப் பிடித்து இழுத்து, பூமியின் இரவுப் பக்கத்தில் நீண்ட வாலாக்குகிறது. மின்னேற்றமுள்ள காற்று காந்தப்புலத்துக்குக் குறுக்கே அசையும்போது அங்கே மின்சாரம் பிறக்கிறது. வாலில் சக்தி சேமிப்பாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில், அளவுக்கு மீறி இழுத்த இறப்பர் நாடாபோல், அது தெறிக்கும். அப்போது அங்குள்ள இலத்திரன்கள் காந்தக் கோடுகள் வழியே பூமியை நோக்கிப் பாய்கின்றன. வழியில் சில ஆயிரம் வோல்ற் அழுத்தம் அவற்றை மேலும் தள்ளிவிடுகிறது. அவை வந்து விழும் இடம், காந்த முனைவைச் சுற்றி வளையம் போட்டதுபோல் இருக்கும் ஒரு பகுதி. நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வட பாகம், ஐஸ்லாந்து, அலாஸ்கா, கனடாவின் வடபகுதி எல்லாம் அந்த வளையத்தின் கீழே வருகின்றன. தென்துருவத்தைச் சுற்றியும் இதேபோல் ஒரு வளையம் உண்டு.

சூரியனிலிருந்து வரும் துகள்கள் நேரே துருவத்துக்குள் புகுந்து எரிகின்றன என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சுருக்கக் கதை. நடுவில் டைனமோவும் சேமிப்பும் இருக்கின்றன என்பதை விட்டுவிட்டால், ஒளி ஏன் சில நிமிடம் வெடித்துப் பரவிப் பின் அடங்குகிறது என்பது விளங்காது.

இந்த வழியை முதலில் பரிசோதனையாகக் காட்டியவர் நோர்வேக்காரரான கிறிஸ்தியான் பெர்க்லாண்ட் (1867-1917). இளமையில் பாரிசுக்கு வந்து கணித மேதை ஆன்றி புவன்காரேயிடம் பாடம் கேட்டவர். பின்னர் வெற்றிடப் பெட்டிக்குள் காந்தம் வைத்த ஒரு சிறு உருண்டையை வைத்து, அதன்மேல் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு முனைவுகளையும் சுற்றி ஒளி வளையம் தோன்றியது. அவர் வாழ்ந்த காலத்தில் எல்லோரும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. செய்மதிகள் மேலே போய் அந்த மின்னோட்டங்களை அளந்த பின்னர்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது. நோர்வேயின் 200 குரோனர் தாளில் நெடுநாள் அவருடைய படம் இருந்தது.

2024 மே மாதம் நடந்தது என்ன? சூரியனில் பூமியின் குறுக்களவைவிடப் பதினைந்து மடங்கு அகலமான ஒரு கரும்புள்ளிக் கூட்டம் இருந்தது. அதற்கு 13664 என்று இலக்கமிட்டிருந்தார்கள். அங்கிருந்து சில நாட்களுக்குள் பல தடவை பெரும் மின்வாயுத் திரள்கள் வெடித்துக் கிளம்பின. பின்னால் வந்தவை முன்னால் போனவற்றை எட்டிப் பிடிக்க, எல்லாம் சேர்ந்து பூமியில் மோதின. ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் அது ஐந்தாம் படிப் புயல். 2003க்குப் பின் அந்தப் படியைத் தொட்டது அதுவே முதல் தடவை. பெடலை மிக வேகமாகச் சுற்றினால் விளக்கு கூடப் பிரகாசிக்கும். அதேபோல் வளையம் அகன்று தெற்கே இறங்கி வந்தது.

நிறத்தின் கணக்கு

பாயும் இலத்திரன் வளிமண்டலத்தில் உள்ள ஒட்சிசன், நைதரசன் ஆகியவற்றில் மோதுகிறது. மோதியதும் தன் சக்தியில் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. வாங்கிய அணு அந்தச் சக்தியை வைத்துக்கொள்ள முடியாது. திருப்பிக் கொடுக்க வேண்டும். அது திருப்பிக் கொடுப்பது ஒளியாக. எவ்வளவு வாங்கியதோ அந்தத் தொகைக்கு ஏற்றதுதான் நிறம். கணக்காளர் கண்ணுக்கு இது நல்ல ஒழுங்கான கைமாற்று.

ஒட்சிசன் அணு இரண்டு விதமாகக் கடனைத் தீர்க்கிறது. பச்சை ஒளியாகத் தீர்ப்பதற்கு அதற்கு முக்கால் செக்கன் அளவு போதும். சிவப்பு ஒளியாகத் தீர்ப்பதற்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும். அணுவின் உலகில் இரண்டு நிமிடம் என்பது மிக நீண்ட தவணை. காற்று அடர்த்தியாக உள்ள இடத்தில் அந்தத் தவணை முடிவதற்குள் வேறு அணுக்கள் வந்து மோதிச் சக்தியைப் பறித்துவிடும். ஒளி வராது. ஆகவே சிவப்பு, காற்று மிக மெலிந்த 200 கி.மீ. உயரத்துக்கு மேலேதான் தெரியும். பச்சை 100 முதல் 150 கி.மீ. வரை. அதற்கும் கீழே, திரையின் கரையில் சில வேளை தெரியும் ஊதாவும் இளஞ்சிவப்பும் நைதரசனுடையவை. இந்தப் பச்சை எந்தப் பொருளுடையது என்பது பல பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது. 1920களில்தான் அது ஒட்சிசன் என்று உறுதியானது.

அப்படியானால் பிரான்சில் ஏன் பெரும்பாலும் சிவப்பாகத் தெரிந்தது? இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். பூமி உருண்டை. அதன் ஆரை 6,371 கி.மீ. உயரத்தில் உள்ள ஒரு வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் உள்ளவருக்கு அடிவானத்தில் தெரியும் என்று பைதகரசை வைத்துக் கணக்கிட்டோம். 100 கி.மீ. உயரத்தில் உள்ள பச்சை ஒளி ஏறத்தாழ 1,100 கி.மீ. தூரம் வரை தெரியும். 300 கி.மீ. உயரத்தில் உள்ள சிவப்பு ஏறத்தாழ 1,950 கி.மீ. வரை தெரியும். ஒளி எமக்கு வடக்கே நெடுந்தூரத்தில் நடக்கும்போது அதன் பச்சைக் கால்களைப் பூமியின் வளைவு மறைத்துவிடுகிறது. சிவப்புத் தலை மட்டும் எமக்குத் தெரிகிறது. வேலிக்கு அப்பால் போகிறவரின் தலைப்பாகை மட்டும் தெரிவதுபோல.

பாரிசிலிருந்து நோர்வேயின் திறொம்சோ ஏறத்தாழ 2,500 கி.மீ. அங்கே சாதாரண நாளில் தெரியும் ஒளி எமக்குத் தெரியவே தெரியாது. வளையம் தெற்கே இறங்கினால்தான் எமக்குப் பங்கு.

இன்னொன்று. படத்தில் அவ்வளவு நிறமாகத் தெரிந்தது, நேரில் பார்த்தவருக்கு ஏன் வெளிறிய புகைபோலத் தெரிந்தது என்று கேட்டார்கள். மங்கல் வெளிச்சத்தில் எமது கண் நிறம் பிரிப்பதில்லை. கைத்தொலைபேசி சில செக்கன்கள் வெளிச்சத்தைச் சேமித்துப் பிறகு படமாக்குகிறது. கண்ணுக்கு அந்தச் சேமிப்பு வசதி கிடையாது. படம் பொய் இல்லை. அது சில செக்கன் வரவின் கூட்டுத்தொகை.

எமது ஊர் வானில் ஏன் இல்லை?

நட்சத்திரத்துக்கும் கோளுக்கும் மின்னலுக்கும் வால்வெள்ளிக்கும் பெயர் வைத்த எமது முன்னோர் இந்த ஒளிக்கு நாட்டு வழக்கில் ஒரு சொல் விட்டுச் செல்லவில்லை. வடதுருவ ஒளி, துருவ ஒளி என்பதெல்லாம் படித்தவர்கள் பின்னால் ஆக்கிய சொற்கள். காரணம் எளிது. அவர்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அந்தக் கோட்டில் காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும். அது இந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. யாழ்ப்பாணத்தில் ஊசி கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். பாரிசில் அது 60 பாகைக்கு மேல் நிலத்தை நோக்கிச் சாயும். திறொம்சோவில் கிட்டத்தட்டச் செங்குத்தாகிவிடும். காந்தக் கோடுகள் செங்குத்தாக இறங்கும் வடக்கேதான் இலத்திரன்களுக்கு வழி திறந்திருக்கிறது. எமது ஊரின்மேல் அந்தக் கோடுகள் நிலத்துக்குச் சமாந்தரமாகக் கூரைபோல் கிடக்கின்றன.

ஆனால் எமது வானம் வெறுமையானது அல்ல. அந்த நடுக்கோட்டின் நேர்மேலே, ஏறத்தாழ 105 கி.மீ. உயரத்தில், பகல் நேரங்களில் ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. வடக்கே பச்சை ஒளி ஆடும் அதே உயரம். கண்ணுக்குத் தெரியாது, காந்தமானிக்குத் தெரியும். இதை அளப்பதற்காகவே திருநெல்வேலியில் ஓர் ஆய்வுநிலையம் இருக்கிறது. 1963 நவம்பர் 21ஆம் திகதி இந்தியாவின் முதலாவது ஆய்வு றொக்கற் கேரளத்தின் தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து ஏவப்பட்டதற்கும் காரணம், அந்த ஊர் காந்த நடுக்கோட்டில் இருந்ததுதான்.

மிகப் பெரிய புயல்கள் எமது பக்கத்தையும் தொட்டிருக்கின்றன. 1859 செப்ரெம்பரில் வந்த புயலே பதிவுகளில் மிகப் பெரியதாகப் பேசப்படுவது. அதன்போது பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் காந்தமானி காட்டிய வீழ்ச்சி, ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்தப் புயலின் வலிமையைக் கணக்கிட விஞ்ஞானிகளுக்கு முக்கிய சான்றானது. 2024 மே 10 இரவு, இமயமலையில் லடாக்கின் ஹன்லே என்னுமிடத்தில் உள்ள இந்திய வானாய்வகத்தின் கமராக்களில் சிவப்பு ஒளி பதிவாகியது.

சூரியனுக்கு நாளேடு எழுதும் இரண்டு இடங்களும் எமக்குக் கிட்டவே இருக்கின்றன. ஒன்று கொடைக்கானல் மலையில். மற்றது பாரிசின் தென்மேற்குப் புறநகரான மெடோனில். இரண்டிலும் 1900களின் தொடக்கத்திலிருந்து, மேகம் இல்லாத நாட்களில், சூரியனைப் படம் எடுத்து வைக்கிறார்கள். மெடோன் ஆய்வகத்தை நிறுவிய ஜூல் ஜான்சன், 1868 ஓகஸ்ற் 18ஆம் திகதிச் சூரிய கிரகணத்தைப் பார்க்க அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்குப் போனவர். நாளேடு ஒழுங்காக இருந்தால்தான் ஆண்டுக் கணக்கு முடிக்கலாம். சூரியனுக்கு ஆண்டுக் கணக்கு என்பது சராசரி 11 வருடம். கரும்புள்ளிகள் கூடிக் குறையும் ஒரு சுற்று அது.

வட நோர்வேயில் எமது ஆட்கள்

துருவ ஒளியின் கீழே வேலைக்குப் போய்வந்த தமிழர்கள் இருக்கிறார்கள். குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வே போனதிலிருந்து தொடங்குகிறது அந்த வரலாறு. மீன்பிடித் தொழில் பழகி, பின்னர் நோர்வே உதவியுடன் யாழ்ப்பாணத்தில் சீ-நோர் நிறுவனத்தை உருவாக்கியவர் அவர். எண்பதுகளில் எமது இளைஞர்கள் பலர் அந்த நாட்டுக்குப் போனபோது, வேலை கிடைத்த இடம் வடக்கே பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகள். வார்தோ, போட்ஸ்ஃபியோர்ட் போன்ற சிறு துறைமுக ஊர்கள். உள்ளூர் இளைஞர்கள் செய்ய விரும்பாத வேலை. கொட் மீனை வெட்டித் துண்டாக்கிப் பெட்டியில் அடுக்கும் வேலை. கார்த்திகை கடைசியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு.

இன்று ஆயிரக்கணக்கில் யூரோ கொடுத்துச் சுற்றுலாப் பயணிகள் பார்க்கப் போகும் அதே ஒளி, அவர்களுக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் வழி விளக்கு. ஊரில் சண்டை நடக்கிறது, கடிதம் வரவில்லை, அனுப்பிய காசு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அந்த மனநிலையில் மேலே பார்த்து ரசித்தவர் எத்தனை பேர்? பின்னால் பலர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். பிள்ளைகள் அங்கே படித்து ஆளானார்கள். எமது புலம்பெயர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வடக்குக் கரையின் ஆண்டுகளை விட்டுவிடக்கூடாது.

அந்த மண்ணின் பூர்வகுடிகள் சாமி இனத்தவர். துருவ ஒளி ஆடும்போது விசில் அடிக்கக்கூடாது, அது இறங்கி வந்து பிடித்துவிடும் என்று அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். இரவில் விசில் அடித்தால் பாம்பு வரும் என்று எமக்குச் சொல்லி வளர்த்தார்கள். எந்த நாட்டிலும் இருட்டில் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட ஒரு வழி வேண்டியிருக்கிறது.

தீங்கு உண்டா?

உடம்புக்கு இல்லை. ஒளி நடப்பது 100 கி.மீ. உயரத்தில். எமக்கும் அதற்கும் இடையில் வளிமண்டலம் முழுவதும் இருக்கிறது. கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, சாப்பாட்டை மூடி வைக்க வேண்டும் என்றெல்லாம் வட்ஸ்அப்பில் சுற்றியவற்றுக்கு எந்த அடிப்படையும் கிடையாது.

தீங்கு வருவது கருவிகளுக்கு. டைனமோவை மறக்க வேண்டாம். பூமியின் காந்தப்புலம் வேகமாக மாறும்போது, நிலத்தில் நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்கு இழுத்த மின்கம்பிகளிலும் தேவையற்ற மின்னோட்டம் பிறக்கும். 1989 மார்ச் 13ஆம் திகதி அதிகாலை கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்கட்டமைப்பு முழுவதும் ஒன்றரை நிமிடத்துக்குள் விழுந்தது. 60 இலட்சம் பேர் ஒன்பது மணித்தியாலம் வரை குளிரில் இருட்டில் இருந்தார்கள். மொன்றியலுக்கு அகதிகளாகப் போய்ச் சேர்ந்திருந்த எமது குடும்பங்களும் அவர்களில் அடக்கம். 2022 பெப்ரவரியில் ஸ்ரார்லிங்க் நிறுவனம் புதிதாக ஏவிய செய்மதிகளில் ஏறத்தாழ 40, ஒரு சிறு புயலில் மேல்வளிமண்டலம் வீங்கியதால் கீழே இழுபட்டு எரிந்தன. 2024 மேயில் அமெரிக்க விவசாயிகளின் உழவு இயந்திரங்கள், ஜிபிஎஸ் வழி தவறியதால், விதைப்புக் காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. ஜிபிஎஸ்ஸை நம்பி இரவில் சாப்பாடு கொண்டு ஓடும் எமது பெடியள் நிறைய. அப்படியான இரவில் வழிகாட்டி குழம்பினால் காரணம் தெரிந்திருப்பது நல்லது.

சிற்றலை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. இலண்டனிலிருந்து வந்த தமிழோசை எமது வீடு வரை வந்தது, வானில் உள்ள மின்னேற்றப் படையில் பட்டுத் தெறித்துத்தான். சூரியன் குழம்பினால் அந்தப் படையும் குழம்பும். அந்தக் காலத்தில் முக்கியமான செய்தி நேரத்தில் வானொலி இரைந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் சூரியனும் ஒன்று.

முன்னெச்சரிக்கைக்கு, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கி.மீ. தூரத்தில் செய்மதிகளை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே புயல் பட்டால், பூமிக்கு வருமுன் கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை அவகாசம் கிடைக்கும். 2023 செப்ரெம்பர் 2ஆம் திகதி இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 அங்கேதான் நிற்கிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, தமிழ்நாட்டின் செங்கோட்டையில் பிறந்து தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர். எமது பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வரவுசெலவு

இங்கே எமது தொழில் முறையில் சில வார்த்தைகள். மே மாதத்துக்குப் பின் லாச்சப்பலில் துருவ ஒளிப் பயணம் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். போகலாம். ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலாவது, யூலை, ஓகஸ்ற் விடுமுறையில் போக வேண்டாம். வட நோர்வேயில் அப்போது இரவு இருட்டுவதே இல்லை. ஒளி மேலே இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் தெரியாது. செப்ரெம்பர் கடைசி முதல் மார்ச் கடைசி வரைதான் காலம். பள்ளி விடுமுறையோடு சேர வேண்டுமென்றால் ஒக்ரோபர் கடைசியும் பெப்ரவரியும் பொருந்தும்.

இரண்டாவது, மேகம். எவ்வளவு பெரிய புயல் வந்தாலும் மேகத்துக்கு மேலேதான் ஒளி. ஒரு இரவுக்கு மட்டும் போவது சீட்டிழுப்பு. குறைந்தது மூன்று, நான்கு இரவுகள் வேண்டும். எந்த முகவரும் ஒளியை உத்தரவாதமாக விற்க முடியாது. பார்க்காவிட்டால் பணம் திரும்பும் என்று சொன்னால், எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, பத்திரம். நோர்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து நான்கும் செங்கன் வலயத்தில் உள்ளவை. செல்லுபடியாகும் பிரெஞ்சு வதிவிட அட்டையும் அகதிப் பயணப் பத்திரமும் இருந்தால் குறுகிய பயணம் போகலாம். இரண்டிலும் காலாவதித் திகதியைப் பாருங்கள். ஸ்கொட்லாந்து வேறு கணக்கு. அது பிரித்தானியா. அங்கே நுழைவு அனுமதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நாலாவது, அவசரம் வேண்டாம். சூரியன் உச்சக்கட்டத்தை அடைந்துவிட்டது என்று 2024 ஒக்ரோபரில் அறிவித்தார்கள். இனிமேல் குறையும், இந்த வருடமே போகாவிட்டால் பதினொரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உச்சம் தாண்டிய பின்னும் பெரும் புயல்கள் வருவதுண்டு. 2003 ஒக்ரோபர் புயல் அப்படி உச்சத்துக்குப் பின் வந்ததுதான். மேலும், வளையத்தின் நேர்கீழே உள்ள திறொம்சோ போன்ற இடங்களில் சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளிலும் ஒளி தெரியும். சீட்டுக் காசை முன்கூட்டி எடுத்தோ வட்டிக்கு வாங்கியோ போக வேண்டிய அவசியம் இதில் இல்லை. ஒளி எங்கும் போய்விடாது.

செலவில்லாத வழியும் உண்டு. 2024 ஒக்ரோபர் 10ஆம் திகதி இரவும் பிரான்சின் பல இடங்களில் ஒளி தெரிந்தது. அப்படியான எச்சரிக்கை வந்தால், நகரத்தின் வெளிச்சத்தைத் தெற்கே முதுகுப்புறம் விட்டு, வடக்கே இருண்ட வயல்வெளி உள்ள இடமாகப் பார்த்து ஒரு மணித்தியாலம் காரில் போனால் போதும். அடிவானம் மறையாத இடத்தில் நின்று, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். கைத்தொலைபேசியை இரவு நிலையில் வைத்து, ஆடாமல் பிடித்து, வடக்கு நோக்கி ஒரு படம் எடுங்கள். கண்ணுக்கு முன் அது கண்டுபிடிக்கும்.

வீட்டில் உள்ள பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். அம்மம்மாவோ தாத்தாவோ காரை விட்டு இறங்குமுன், இது என்ன என்பதை ஆறுதலாகச் சொல்லிவிடுங்கள். டைனமோவைச் சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும், எம்மைவிட அதிகம் அதைச் சுற்றியவர்கள் அவர்கள். முக்கியமாக ஒன்றைச் சொல்லுங்கள்: இந்த வெளிச்சத்துக்குப் பின்னால் சத்தம் எதுவும் வராது.